எங்கள் சி.என்.சி. மெஷின் செதுக்கிய முதல் பலகை

திண்டிவனம் வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் செதுக்கும் சி.என்.சி. மெஷின் ஒன்றை, பழைய பிரிண்டர் மோட்டாரையும் மேஜை டிராயர் ரெயிலையும் வைத்து, நானும் என் நண்பன் அன்புவும் அவன் வீட்டு மாடியில் செய்து முடித்துவிட்டோம்.

முதல் கஸ்டமர் எதிர்வீட்டு சேகர் அண்ணன், ஆம்புலன்ஸ் டிரைவர். நாளைக்கு அவருக்குப் புதுமனை புகுவிழா. வாசலில் மாட்ட 'நிலா இல்லம்' என்று செதுக்கச் சொல்லி தேக்குப் பலகை கொடுத்தார்.

இன்று காலை மெஷின் அழகாகத்தான் செதுக்கியது. எழுத்து மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது.

"உங்க ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதியிருக்கிற ஸ்டைலுண்ணா" என்றேன்.

"அது முன்னாடி போற வண்டிக்காரன் கண்ணாடில பாக்கறதுக்கு. என் வூட்டுக்கு முன்னாடி எவன்டா போய்க்கினு இருக்கான்?" என்றவர் பலகையைப் புரட்டிப் போட்டார். "இந்தப் பக்கம் சும்மாதான் இருக்கு. இதுலயும் சொதப்புனா, வாசல்ல உங்க ரெண்டு பேரைத்தான் மாட்டுவேன்."

இடவலமாக ஓட்டும் மோட்டாரில் ஒயர் மாறி, அது எதிர்த்திசையில் சுற்றுவதை உடனே கண்டுபிடித்தேன். மாற்றினேன். மெஷினை மறுபடி ஓட்டினோம். அண்ணன் பலகையை வாங்கிப் பார்த்து, "இன்ஜினியர்தான்டா நீ" என்றார்.



உண்மை என்னவென்றால், நான் மாற்றியது மேல்கீழாக ஓட்டும் பக்கத்து மோட்டாரின் ஒயர். அதனால் எழுத்து இடவலம் மாறியதோடு தலைகீழாகவும் வந்தது. அப்படி வந்தால் பலகையைத் தலைகீழாகப் பிடித்தால் போதும், சரியாகப் படிக்கலாம். அப்படிப் பிடித்து அண்ணன் கையில் கொடுத்தவன் அன்பு.

இப்போது மெஷினில் ரெண்டு தப்பு இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. சரிசெய்யத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.