ஹோசியா பெட்டஸ் சொன்ன பெயர்

ரோஸ்கோவின் சலூனில் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் உலகத்திலேயே பெரிய இசைக்காரர் என்று சொல்லலாம். ஆனால் பெயர் கண்ணாடியில் ஏற வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. சொன்னவர் இசையைக் கொண்டுவர வேண்டும். ஒரு தலை வெட்டி முடிகிற வரை அது கடையில் ஓடும். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு கை தூக்குவார்கள். பாதிக்கு மேல் கை எழுந்தால் ரோஸ்கோ வெள்ளை டேப்பில் பெயரை எழுதிக் கண்ணாடியின் மேல் ஒட்டுவார். ஸ்டீவி வொண்டர், அரேதா, கோல்ட்ரேன் என்று பதினோரு பெயர்கள் இருந்தன. முதல் இருவரும் எங்கள் டெட்ராய்ட் ஊர்க்காரர்கள், அவர்கள் பெயர்களுக்குப் பாட்டே போட வேண்டியிருக்கவில்லை.

நான் அங்கே முடி கூட்டுவேன், துண்டு துவைப்பேன், சவரத்துக்கு முன் சூடான துண்டை முகத்தில் போடுவேன். ஒன்பது வருடத்தில் நான் யாருக்கும் கை தூக்கியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஹோசியா பெட்டஸுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் முப்பத்தொரு வருடம் நின்றவர். அந்த நெடியில் மூக்கு போய்விட்டது. காப்பியா சோப்பா என்று வாசனையில் தெரியாது. “கம்பெனிக்கு எல்லாத்தையும் குடுத்தேன், காதை மட்டும் குடுக்கல” என்பார். மனைவி லொரீன் இறந்த பிறகு தனியாகவே இருந்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவார். காதோரம் மட்டும்தான் முடி.

“பெருசு, உன்கிட்ட நான் காசு வாங்குறது வெட்டுறதுக்கு இல்ல, தேடுறதுக்கு” என்பார் ரோஸ்கோ.

அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை பாடகர் பிரின்ஸைப் பற்றிச் சண்டை. தபால்காரன் டெஷான் பாட்டோடு வந்திருந்தான்.

“ஒரே ஆளு, எல்லா வாத்தியமும் அவரே வாசிப்பாரு.”

“எங்க மாமாகூட ஒரே ஆளா நாலு கைச் சீட்டும் ஆடுவாரு. கூட ஆட ஆளில்லன்னு அர்த்தம்” என்றார் ரோஸ்கோ.

“பொறாமை! மினியாப்பொலிஸ்காரர்னு பொறாமை!”

“பனியைத் தவிர அந்த ஊர்ல வேற என்னடா இருக்கு?”

நாற்காலியில் இருந்த பெட்டஸ் போர்வைத் துணிக்குள்ளிருந்து கையை எடுத்தார். “நீங்க யாரும் நிஜமான வாசிப்பைக் கேட்டதே இல்ல. அயோலா பூன். அவங்கதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். பல வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த பெயர்தான் அது. நான் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

அயோலா பூன் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். சின்ன சர்ச். முன்னால் அது செருப்புக் கடையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டருக்குத் தொண்டை அடைத்துக் குரலே வரவில்லை. மேடையேறி நின்றவர் தன் தொண்டையைக் காட்டினார், பிறகு ஆர்கனைக் காட்டினார். அயோலாம்மா முப்பத்தைந்து நிமிடம் பிரசங்கத்தை ஆர்கனிலேயே வாசித்தார். நான் அழகுக்குச் சொல்லவில்லை. வார்த்தையே இல்லாமல் அவர் கேட்டார், ஜனங்கள் பதில் சொன்னார்கள். கோபித்தார், தலை குனிந்தார்கள். சரியான இடத்தில்தான் ஆமென் விழுந்தது. மனைவியின் தங்கையை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த பெட்டஸ், கார்ச் சாவியைக் கையில் வைத்தபடி கடைசி வரை வாசலிலேயே நின்றார்.

அது கேசட்டில் பதிவானது. பாஸ்டர் அதன் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைத் தன் கையாலேயே உடைத்தார், யாரும் அதன்மேல் வேறெதையும் பதிந்துவிடாமல் இருக்க. மறு பிரதி எடுக்க இயந்திரம் கிடையாது. வர முடியாத நோயாளிகள் வீட்டுக்கு ஒவ்வொன்றாக அது போய்வர வேண்டும். முதலில் லொரீனுக்கு. அவர் படுக்கையில் இருந்தார். கொண்டுபோகிற வேலை எனக்கு.

எனக்குப் பதினைந்து வயது. அந்த வருடம்தான் பள்ளியை விட்டு ஒரு சலவைக் கடையில் சேர்ந்திருந்தேன். சாயந்திரம் ரேடியோவில் வரும் புதுப் பாட்டுகளைப் பதிந்துகொள்ள என்னிடம் கேசட் இல்லை. வெள்ளிக்கிழமை வரை அதைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். பிறகு அந்த இரண்டு ஓட்டைகளிலும் காகிதத்தைத் திணித்துப் பதிந்தேன். ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் என்று ஆரம்பித்தேன். நிறுத்தவில்லை. மெஷின் நாடாவைத் தின்றுவிட்டது என்று சர்ச்சில் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அயோலாம்மா மறு வருடம் அலபாமாவுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. சலூனில் பெட்டஸுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரை முதல் நாளே தெரிந்தது.

“பாட்டு எங்க பெருசு?” என்றான் டெஷான். “போடு, கேப்போம்.”

“டேப் இருந்துச்சு. மெஷின் தின்னுடுச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு.”

“எங்க வீட்டு நாயும் இப்படித்தான், என் கணக்கு நோட்டைத் தின்னுடும்!”

“இன்னிக்கு எனக்கு எழுபத்தெட்டு” என்றார் பெட்டஸ். “அடுத்த வருஷம் இருப்பேனோ என்னவோ. அந்தப் பேரை அங்க ஒட்டுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“அவங்க வாசிப்பைக் கேட்டவங்க வேற யாராவது இருக்காங்களா? ஒரே ஒரு ஆள் போதும். நான் ஒட்டுறேன்” என்றார் ரோஸ்கோ. அவர் கேலியாகச் சொல்லவில்லை.

துடைப்பம் என் கையில் இருந்தது. ஈரத் துண்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

அங்கிருந்தே டெஷானின் குரல் கேட்டது. “அப்படி ஒரு பொம்பளையே இல்ல பெருசு. பெயிண்ட் நெடி மூக்கோட நிக்கல, மேலயும் ஏறிடுச்சு.”

சிரிப்பு அடங்கியபோது வாசல் மணி அடித்தது. பெட்டஸ் ஒரு பக்கம் மட்டும் வெட்டிய முடியோடு போயிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். டெஷான் எழுந்து நாற்காலியைத் தட்டிக் கொடுத்து, “பெருசு, இன்னிக்கு நீயே சொல்லு, யாரு பெரிய ஆளு?” என்றான். அவனுக்கு அதுதான் மன்னிப்புக் கேட்கிற விதம்.

“நீ சொல்ற ஆளுதான் தம்பி” என்றார் பெட்டஸ். “பிரின்ஸே இருக்கட்டும். நான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன்போல.”

அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அந்தப் பொண்ணு நான்தான்” என்றேன்.

என் குரல் அந்தக் கடைக்குப் பழக்கமில்லாதது. ரோஸ்கோ முடிவெட்டும் மெஷினை அணைத்தார். “எந்தப் பொண்ணும்மா வெர்னீஸ்?”

“டேப் கொண்டுபோன பொண்ணு. மெஷின் தின்னல. நான்தான் அழிச்சேன். ரேடியோ பாட்டு பதிஞ்சேன்.”

பெட்டஸ் என்னைக் கண்ணாடியில் பார்த்தார், திரும்பவில்லை. “யாரு பாட்டு?”

கண்ணாடியின் மேல் இருந்த பெயர்களில் இரண்டு. அவற்றை நான் சொன்னேன். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

“லொரீன் சாகுறவரைக்கும் பதினோரு நாள் கேட்டா” என்றார் பெட்டஸ். “அந்த டேப் வந்துச்சா, வந்துச்சான்னு. நாளைக்கு வரும்னு சொல்லிட்டே இருந்தேன். நீ பதியறதுக்கு முன்னாடி அதைக் கேட்டியா?”

“சர்ச்லயே இருந்தேன், ஐயா. மூணாவது வரிசை. நீங்க சொன்னது எல்லாம் நிஜம். நீங்க சொன்னதைவிட ஜாஸ்தி.”

ரோஸ்கோ வெள்ளை டேப்பையும் பேனாவையும் எடுத்துவிட்டார். டெஷான்தான் முதலில் கை தூக்கினான். ஒவ்வொரு கையாக எழுந்தது. எனக்கு ஒரு நொடி மனசு லேசானது. அதற்கு எனக்கு உரிமையில்லை.

“எழுதாத, ரோஸ்கோ” என்றார் பெட்டஸ்.

“சாட்சி வந்தாச்சே பெருசு?”

“போன மாசம் நீ ஒரு ஆளு கேட்டப்போ அவ இங்கதான் நின்னா. அவ சொல்லி அந்தப் பேரு ஏற வேண்டாம்.”

கைகள் இறங்கின. ரோஸ்கோ மீதிப் பக்கத்தை வெட்டி முடித்தார். நான் சூடான துண்டோடு போனேன். “நீயே போடு, ரோஸ்கோ” என்றார் அவர்.

வேலையை விட்டுவிடலாமா என்று ரோஸ்கோவிடம் கேட்டேன். “நீ போனா அவரு யார் மேல கோவப்படுறது?” என்றார்.

பெட்டஸ் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நவம்பரில் ஒரு நாள் ரோஸ்கோ போனில் இருந்தார், துண்டு என் கையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெட்டஸ் கண்ணை மூடியபடி முகவாயை மேலே தூக்கினார். நான் துண்டைப் போட்டேன்.

“நடுவுல ஒரு தடவை வாசிப்பை நிறுத்தினாங்களே” என்றார் துண்டுக்குள்ளிருந்து. “ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. யாரோ எழுந்து, விட்டுடாதீங்கன்னு கத்தினாங்க.”

“லொரீன் தங்கச்சி. அதுக்கப்புறம் மறுபடி எப்படி ஆரம்பிச்சாங்க? மெதுவாவா, வேகமாவா?”

நான் ஞாபகத்தில் தேடிப் பார்த்தேன். அந்த இடத்துக்கு நேராகப் போக முடிந்தது. அயோலாம்மாவின் முதுகு தெரிந்தது, சாம்பல் நிறத் தொப்பி தெரிந்தது. கைகளைத் தூக்கினார். ஆனால் காதில் விழுந்தது ரேடியோ அறிவிப்பாளரின் குரல். ரேடியோவைப் பதிந்த அந்த டேப்பை நான் அத்தனை தடவை போட்டுக் கேட்டிருந்தேன்.

“தெரியல ஐயா.”

அவர் துண்டைக் கையால் முகத்தோடு அழுத்திக்கொண்டார்.

“எனக்கும் வரமாட்டேங்குது” என்றார் பிறகு. “ஒரு மாசமாத் தேடுறேன்.”

துண்டு ஆறிப்போயிருந்தது. மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.