சிட்செலும் எலுமிச்சை எண்ணெயும்

எங்கள் மீன் தொழிற்சாலையில் சிட்செலின் போர்க்லிஃப்டுக்கு மணி தேவையில்லை. வண்டி வருவதற்கு முன்னால் அவளுடைய குரல் வந்துவிடும். "விலகுங்கோ, விலகுங்கோ! பத்து விரலோட வீட்ட போக விருப்பமெண்டா விலகுங்கோ!" என்று கத்தியபடி, கொட் மீன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு குளிரறைக்குள் பாய்வாள். வடதுருவத்துக்கு அருகில் உள்ள இந்த வார்டோ ஊருக்கு நான் வந்த புதிதில் இந்த ஊர்ப் பாஷையில் பாதியை அவளிடம்தான் கற்றேன். மற்றப் பாதியும் அவளிடம்தான், ஆனால் அதை வெளியில் பேச முடியாது.

அவளுடைய கணவன் ஸ்டைனார் சிறிய படகில் மீன்பிடிக்கப் போகிறவன். வாயில் இருந்து நாளுக்கு நாலு சொல் வந்தால் அதிகம். "ரெண்டு பேருக்குமான பேச்சை நான் பேசுறன், ரெண்டு பேருக்குமான மௌனத்தை அவர் வச்சிருக்கிறார்" என்பாள் சிட்செல்.

அவர்களுக்கு ஒரே மகள், வில்யா. மூன்று வயதாகியும் பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்பாள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து, கரண்டிகளை நீளவாக்கில் அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு கரண்டி கோணினால் வீடே அதிரும்படி அழுவாள். ஓட்டிசம் என்று டொக்டர் சொன்ன அன்று, சிட்செல் காருக்குள் இருந்து ஒரு முழுச் சொக்கலேட் பெட்டியைத் தின்று முடித்தாள். பிறகு நேரே தொழிற்சாலைக்கு வந்தாள். கோப்பி இடைவேளை. நாற்பது பேர் இருந்தோம். கதிரையில் ஏறி நின்றாள்.

"என்ர பிள்ளைக்கு ஓட்டிசமாம். அவள் நேற்று எப்பிடி இருந்தாளோ இண்டைக்கும் அப்பிடித்தான் இருக்கிறாள். கேக்க வேண்டியதை எல்லாம் இப்பவே கேளுங்கோ. பிறகு மூலையில நிண்டு குசுகுசுத்தா, வண்டியை மேல ஏத்துவன்."

யாரோ எழுந்து அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்கள்.

அந்த வருடம்தான் எண்ணெய் விவகாரம் தொடங்கியது. எங்கள் ஊரில் மீனெண்ணெய் புதிய விஷயமே அல்ல. பெயரில் 'ர' வருகிற மாதம் எல்லாம், செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை, எல்லா வீட்டிலும் காலையில் ஒரு கரண்டி. சிட்செலுக்கு அதில் அளவு கடந்த நம்பிக்கை. தடிமன் பிடித்து மூக்கு ஒழுகினாலும் மீனெண்ணெய்தான், மூட்டு வலித்தாலும் மீனெண்ணெய்தான், காதல் முறிந்தாலும் மீனெண்ணெய்தான். அவள் ஒருநாள் கையில் தொலைபேசியோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"வாசு, இதைப் பாரடி! மீனெண்ணெயில ஒமேகா எண்டு ஒண்டு இருக்காம். ஓட்டிசம் உள்ள பிள்ளையளுக்குக் குடுத்தா பேச்சு வருதாம். அமெரிக்காவில ஒரு தாய் எழுதியிருக்கிறாள். நாங்கள் அந்த மருந்துக்கு மேல குந்திக்கொண்டிருக்கிறம், தெரியாமல்!"

"வில்யா குடிப்பாளோ?" என்று கேட்டேன்.

அதுதான் சிக்கல். வில்யா வெள்ளையாக உள்ளதை மட்டும்தான் சாப்பிடுவாள். அவித்த உருளைக்கிழங்கு, பால்கஞ்சி, தோல் நீக்கிய மீன். சின்ன மணமும் அவளுக்கு மலைபோல. அடுத்த வீட்டில் வெங்காயம் நறுக்கினால் இங்கே மூக்கைப் பொத்துவாள்.

சிட்செல் விடவில்லை. முதலில் பாலில் கலந்தாள். வில்யா கோப்பையைத் தூரத்தில் வைத்து மணந்துவிட்டு, பூந்தொட்டிக்குள் ஊற்றினாள். அடுத்து வாஃபிள் மாவில் கலந்து சுட்டாள். வீட்டுத் திரைச்சீலையில் இரண்டு கிழமை அந்த மணம் நின்றது. ஸ்டைனார் கடலால் வந்து கதவைத் திறந்ததும் அப்படியே நின்றான்.

"இஞ்சேர், நான் பத்து நாள் மீன் நாத்தத்துக்குள்ள கிடந்து வாறன். வீடெண்டாலும் வேற மணத்தில இருக்கக் கூடாதோ?"

அது அவனுடைய மூன்று நாள் பேச்சு.

பிறகு விழுங்குகிற எண்ணெய்க் குளிசைகள் வாங்கினாள். வில்யா அவற்றை வாயில் வைக்கவில்லை. யன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினாள். பெப்ரவரி மாதம், பல கிழமைக்குப் பிறகு வெயில் எட்டிப்பார்த்த நாள். ஒவ்வொரு குளிசைக்குள்ளும் பொன் நிறத்தில் ஒரு சின்ன வெளிச்சம். பிள்ளை கன்னத்தைச் சட்டத்தில் வைத்து ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். சிட்செல் ஒருமுறையும் வாய் திறக்காமல் மகளையே பார்த்தாள். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

ஊரின் சுகாதாரத் தாதி ஒட்னி. சிட்செலின் வகுப்புத் தோழி, அவளுக்குப் பயப்படாத ஒரே ஆள். அவளிடம் சிட்செல் குளிசைப் போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "எத்தினை குடுத்தாப் பேசுவாள்?" என்று கேட்டாள்.

"அப்பிடி ஒரு எண்ணிக்கை இல்லை," என்றாள் ஒட்னி. "கன பேர் சோதிச்சுப் பார்த்திட்டினம். சிலதில பிள்ளையளின்ர துடியாட்டம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்திருக்கு. கனக்க ஆய்வுகளில ஒண்டுமே தெரியேல்லை. ஊரில எல்லாரும் குடிக்கிற ஒரு கரண்டியால கெடுதல் வராது. ஆனா அதுக்கு மேல குடுக்காத. சாப்பாட்டில ஒளிச்சும் வைக்காத, சிட்செல். அவளுக்குச் சாப்பாட்டில இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போயிடும்."

சிட்செலின் முகம் வாடியது. ஒட்னி மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். தெற்கில் ஒரு குழு இதைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறது, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தேடுகிறார்கள் என்றாள். ஆறு மாதம். பாதிப் பிள்ளைகளுக்கு மீனெண்ணெய், பாதிக்கு வேறு எண்ணெய். இரண்டுக்கும் எலுமிச்சை வாசம் போட்டிருக்கும். எது எவருக்கு என்று தாய்க்கும் தெரியாது, கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியும்," என்றாள் சிட்செல். "நான் மீன் தொழிற்சாலையில இருபது வருசம்."

"சரி, பாப்பம். இன்னொண்டு. அவளோட இருக்கேக்க கொஞ்சம் வாயை மூடிப் பார். நீ கேள்வியும் கேட்டு மறுமொழியும் நீயே சொல்லிப்போடுறாய். பிள்ளைக்கு இடமில்லை."

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் மேல் வண்டி ஏறியிருக்கும்.

வில்யாவுக்கு நாலு வயது முடிந்ததும் தபாலில் போத்தல்கள் வந்தன. கூடவே ஒரு கொப்பி. தினமும் நித்திரை, அழுகை, சொற்கள் என்று குறிக்க வேண்டும். வேலை முடிந்து நாலரை மணிக்கு எண்ணெய் நேரம். சிட்செல் பெரிய உடம்புக்காரி. தொழிற்சாலைக் காற்சட்டையோடேயே மேசைக்குக் கீழே தவழ்ந்து புகுந்து, மகளுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். வெறும் கரண்டியைத் தான் ஒருமுறை வாயில் வைப்பாள். அடுத்து வில்யாவின் துணி முயலுக்கு ஒரு முறை. பிறகு எண்ணெய் ஊற்றிய கரண்டியைத் தரைக்கும் பிள்ளையின் வாய்க்கும் நடுவில் பிடித்து, வாய் பேசாமல் மனதுக்குள் இருபது எண்ணுவாள்.

"இருபது எண்டது எவ்வளவு நீளம் தெரியுமோ வாசு?" என்றாள் என்னிடம். "பிள்ளைப்பேறு இதிலும் சுகம்."

முதல் கிழமை கரண்டி அப்படியே திரும்பியது. இரண்டாம் கிழமை வில்யா மணந்து பார்த்தாள். மூன்றாம் கிழமை நாக்கு நுனியால் தொட்டாள். அதற்குப் பிறகு ஒருநாள் வாயைத் திறந்து முழுக்க வாங்கிக்கொண்டாள். சிட்செல் கத்தவில்லை. கத்தாமல் இருக்கத் தன் கையையே கடித்துக்கொண்டாளாம். அடுத்த நாள் பல் தடத்தைக் காட்டினாள்.

இரண்டாம் மாதத்தில் வில்யா தானே வெறும் கரண்டியை எடுத்துத் தாயின் வாய்க்கு நீட்டினாள். பிறகு முயலுக்கு. தனக்கு எண்ணெய் வரும்வரை தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி நேராக முகம் பார்த்தது அதுவரை இல்லை. நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை, சிட்செல் எண்ணிக்கொண்டிருக்கும்போது, பதினேழில், "இன்னும்" என்றாள் பிள்ளை.

அடுத்த நாள் காலை போர்க்லிஃப்ட் குளிரறை வாசலில் நின்றுவிட்டது. அதன் மேல் நின்றபடி சிட்செல் கத்தினாள். "பேசிட்டாள்! என்ர பிள்ளை பேசிட்டாள்! மீனெண்ணெய்! நான் சொன்னனானோ இல்லையோ?" இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கைதட்டினோம். நான் கத்தியை வைத்துவிட்டு அழுதேன். அந்த மாதம் ஊர்க் கடையில் மீனெண்ணெய் இரண்டு முறை முடிந்துபோனது. பக்கத்து ஊர்களில் இருந்து தாய்மார் சிட்செலைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவளும் டொக்டர் மாதிரிப் பதில் சொன்னாள்.

அந்த நாட்களில்தான் நான் ஒன்றைக் கண்டேன். அவர்கள் வீட்டுப் பூனை மோன்ஸ். நான் வேலை உடுப்போடு போனால் என் சப்பாத்தில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மீனெண்ணெய் பட்ட எதையும் நக்காமல் விட்டதில்லை. அன்று வில்யா குடித்து முடித்த கரண்டி தரையில் கிடந்தது. மோன்ஸ் வந்தது, மணந்தது, திரும்பி நடந்துபோய் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சொல்லலாமா? ஆய்வு கெட்டுவிடும். அதைவிட, அவளுடைய முகம் இருந்த இருப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் என் கணவரிடம் மட்டும் சொன்னேன். "பூனைக்குத் தடிமனோ என்னவோ," என்றார் அவர்.

பூனைக்குத் தடிமன் இல்லை. ஆய்வு முடிந்து சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வில்யா குடித்தது சூரியகாந்தி எண்ணெய். அது மட்டுமல்ல, மீனெண்ணெய் குடித்த பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இடையில் சொல்லக்கூடிய வித்தியாசம் ஒன்றும் காணவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

சிட்செல் அன்று வேலைக்கு வந்தாள். குரல் வரவில்லை. மணியடித்துக்கொண்டு வண்டி வந்தது. ஊர் முழுக்க ஏதோ செத்துப்போனது போல் இருந்தது எங்களுக்கு. இடைவேளை நேரம் குளிரறைக்குள் போய்ப் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"வாசு, நான் எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன்! அந்தத் தாய்மார் எல்லாம் காத்துக்கொண்டிருக்குதுகள்."

"எனக்குப் பூனையைப் பார்க்கேக்கயே தெரியும்," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

கதை முழுவதையும் கேட்டாள். ஒரு கணம் என்னை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் வெடித்துச் சிரித்தாள். "இருபது வருசம் மீன் தொழிற்சாலை! பூனை கண்டுபிடிச்சிட்டுது, நான் கண்டுபிடிக்கேல்லை!"

பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோப்பி அறைக்குப் போனாள். இந்த முறை கதிரையில் ஏறவில்லை. கடிதத்தை நின்றபடி வாசித்தாள். "நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். வேணுமெண்டு இல்லை. ஆனா பிழை பிழைதான். வீட்டில ஆரும் எண்ணெயை நம்பிப் பிள்ளையளோட மல்லுக்கட்டினா, இண்டையோட விடுங்கோ."

"அப்ப வில்யா பேசினது?" என்று யாரோ கேட்டார்கள்.

அன்று படகில் இருந்து மீன் இறக்க வந்திருந்த ஸ்டைனார் வாசலில் நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"இவள் ஒரு நாளைக்கு இருபது எண்ணும் வரைக்கும் வாயை மூடினாள்," என்றான். "எனக்கே அந்த நேரம் பேச வந்தது."

அறை சிரித்த சிரிப்பில் கோப்பிக் கோப்பைகள் ஆடின. சிட்செல் அவனைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

ஒட்னி பின்னர் சொன்னது இன்னும் நிதானமாக இருந்தது. பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கும் வளருகிறார்கள், மேசைக்குக் கீழே கிடைத்த நேரமும் உதவியிருக்கும், எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். சிட்செல் அன்று மாலையே உட்கார்ந்து, தான் அறிவுரை சொன்ன தாய்மார் எல்லாருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தாள். ஒருத்தி திட்டினாளாம். மற்றவர்கள் எண்ணெயை மறந்துவிட்டு, மேசைக்குக் கீழே என்ன செய்தாய் என்று விபரம் கேட்டார்களாம்.

எலுமிச்சை எண்ணெய் முடிந்த பிறகும் நாலரை மணி நிற்கவில்லை. ஒரு செப்டெம்பரில், ஊரோடு ஒத்துப்போக, சிட்செல் உண்மையான மீனெண்ணெயைக் கரண்டியில் ஊற்றி, ஒளிக்காமல், எதையும் எதிர்பார்க்காமல் நீட்டினாள். வில்யாவுக்கு அப்போது ஆறு வயது. மணந்தாள். நாக்கு நுனியால் தொட்டாள். முகத்தைச் சுளித்துக் கரண்டியைத் தள்ளிவிட்டு, தெளிவாகச் சொன்னாள்.

"அம்மா, இது நாறுது."

மூன்று சொல். அதற்கு முன் இரண்டு சொல்லைக்கூட அவள் சேர்த்ததில்லை. சிட்செல் கரண்டியோடு என் வீட்டுக்கே ஓடி வந்தாள். எண்ணெய் வழியெல்லாம் சிந்தியிருந்தது. "நாறுதாம்! அவளுக்கு நாறுதாம், வாசு! எனக்கும் சின்னனில நாறினது, நான் ஒருநாளும் சொல்லேல்லை!"

இப்போது வில்யாவுக்குப் பதின்மூன்று வயது. குறைவாகத்தான் பேசுவாள், தகப்பனைப் போல. துறைமுகத்துக்கு வருகிற படகுகள் எல்லாவற்றையும் எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மீனெண்ணெய் குடிப்பதில்லை. ஒட்னி கொடுக்கிற வெள்ளை நிற வைற்றமின் குளிசையைக் குடிக்கிறாள்.

சிட்செல் நாற்பது வயதில் போர்க்லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கப் போனாள். இரண்டு வருடம் பயின்று, ஊர்ப் பாலர் பள்ளியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குத் துணையாக வேலைக்குச் சேர்ந்தாள். அவள் போன பிறகு தொழிற்சாலையில் வண்டிக்குப் புது மணி பூட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் வேலை முடிந்து என்னிடம் வந்தபோது முழங்கைக்கு மேல் நீலமாகக் கன்றியிருந்தது.

"என்னடி இது?"

"ஒரு சின்னது கடிச்சுப்போட்டுது," என்றாள், கோப்பிக்குக் கையை நீட்டிக்கொண்டே. "நல்ல உறுதியான பல்லு. நாளைக்கு அது இருக்கிற மேசைக்குக் கீழ நானும் போகப் போறன். உன்னட்டப் பழைய தலையணை ஏதும் இருக்கோ? என்ர முழங்கால் இப்ப முந்தி மாதிரி இல்லை."