கதவுக்குப் பழுதில்லையாம்… பழக்கம் வேணுமாம்!

பழுதில்லையாம். பழக்கம் வேணுமாம்!

போன செவ்வாய்க்கிழமை காலை, நடுவீதியில் நின்று இதைக் கேட்டபோது ஏறிய கோபம் இதை எழுதும் வரைக்கும் இறங்கவில்லை. வழக்கமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு சிரித்துக் கதைக்கிறவள்தான் நான். இந்த வாரம் மன்னியுங்கள். சிரிப்பு வரவில்லை.

விஷயம் ஒரு வான் கதவு.

நான் கந்தோருக்கு வேலைக்குப் போவது யோகண்ணை ஓட்டுகிற வானில் என்று உங்களில் பலருக்குத் தெரியும். இறக்கக்கண்டியில் வெளிக்கிட்டு, நிலாவெளி, சாம்பல்தீவு என்று ஆள் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருகிற வான். வயதான ஜப்பான் வான். எஞ்சின் இன்னும் நல்ல திடகாத்திரம். ஏசி செத்து எவ்வளவோ காலம் — பரவாயில்லை, ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. ஆனால் அதே கடற்காற்றுதான் கதவைத் தின்றது. இழுத்துச் சாத்துகிற கதவு அது. உப்பும் மணலும் சேர்ந்து, அது ஓடுகிற தண்டவாளம் கறள் பிடித்து, அதற்குள் உருள வேண்டிய சின்னச் சில்லு — ரோலர் — தேய்ந்துபோய்… கதவு ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

யோகண்ணை திருத்தினாரா? அதுதான் இல்லை. நாங்கள் பழகிக்கொண்டோம்.

அந்தக் கதவைச் சாத்த ஒரு முறை இருக்கிறது. முதலில் கைபிடியைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். தூக்கியபடியே இழுக்க வேண்டும். கடைசியில் உள்பக்கமாக ஒரு சுண்டு. ‘டக்’ என்று சத்தம் வந்தால் பூட்டிவிட்டது. ‘டொக்’ என்று வந்தால் பூட்டவில்லை; திரும்பவும் முதலிலிருந்து. கடைசியாக ஏறுகிறவர்தான் சாத்த வேண்டும் என்பது எங்கள் வானின் சட்டம்.

புதிதாக யாராவது ஏறினால் சிவபாலன் மாஸ்டர் பாடம் எடுப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். ‘தூக்கு… இழு… சுண்டு!’ ‘டக்’ வந்ததும் வான் முழுக்கக் கைதட்டும். ஒரு ஓட்டைக் கதவைச் சாத்தத் தெரிந்ததற்கு என்ன பெருமை எங்களுக்கு!

மைதிலி எங்கள் வானில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. டவுனில் வேலை கிடைத்து, எங்கள் சாம்பல்தீவில் அறை எடுத்து இருக்கிறாள். நானும் அவளும் ஒரே இடத்தில்தான் ஏறுவோம். நான் முதலில் ஏறிவிடுவேன். கடைசி ஆள் அவள். அதனால் கதவும் அவளுக்கு, கதவோரத்து மடக்குச் சீட்டும் அவளுக்கு. புது ஆளுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை!

செவ்வாய்க்கிழமையும் அவள்தான் சாத்தினாள். சத்தம் வந்தது. வான் வெளிக்கிட்டது. டவுனுக்குள் நுழைந்து துறைமுகப் பக்கம் திரும்புகிற வளைவில்…

கதவு தானாகத் திறந்துகொண்டது.

மெல்ல அல்ல. ஒரே இழுவையில் பின்னால் ஓடிப்போய் அடித்தது. மைதிலி அதில்தான் சாய்ந்திருந்தாள். அவள் உடம்பில் பாதி வெளியில். எப்படிப் பக்கத்துச் சீட்டில் இருந்த என் கையைப் பிடித்தாள், எப்படி நான் அவளுடைய சட்டையைப் பிடித்தேன்… தெரியாது. மடியில் இருந்த அவளுடைய பை வீதியில் விழுந்தது. பின்னால் வந்த லொறி அதன்மேல் ஏறிப் போனது. சாப்பாட்டுப் பெட்டி தகடாகிக் கிடந்தது. சோறு வீதி முழுக்க.

பைக்குப் பதிலாக அந்தப் பிள்ளை விழுந்திருந்தால்?

சரி. இப்போது வானுக்குள் முதலில் வந்த வார்த்தை என்னவாக இருக்கும்? ‘ஐயோ’வா? ‘அடிபட்டதா’வா? நீங்களே சொல்லுங்கள்.

“பிள்ளை, ‘டக்’ கேட்டதோ?” — இது மாஸ்டர்.

பின் சீட்டிலிருந்து இன்னொருவர்: “நான் அப்பவே நினைச்சனான். ‘டொக்’ எண்டுதான் கேட்டது.”

கேட்டதாம்! கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தாராம்!

ஆனால் என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தது அவர்கள் இல்லை. வான் நின்றதும் இறங்கி வீதியோரத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற மைதிலி, எல்லாரையும் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க. எனக்கு ஒழுங்காத் தூக்கத் தெரியல்ல.”

சாகப் பார்த்தவள் மன்னிப்புக் கேட்கிறாள்! யாரிடம்? சாக விடப் பார்த்தவர்களிடம்!

“யோகண்ணை, கதவு பழுது,” என்றேன் நான். மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

“கதவுக்கு ஒரு பழுதும் இல்லைத் தங்கச்சி. அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் இல்லை. இஞ்ச பாருங்கோ…” தூக்கினார், இழுத்தார், ஒரு சுண்டு. ‘டக்’. “பாத்தீங்களே? பழக்கம் வேணும்.”

அவ்வளவுதான். நான் கத்தத் தொடங்கினேன். கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

யோகண்ணை கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சிக்கலே. பிந்தி வருகிறவர்களுக்காக ஹோர்ன் அடிக்காமல் காத்து நிற்பார். யார் வீட்டில் வருத்தம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு வானைக் கொண்டுவந்து நிற்பாட்டுவார். அப்படிப்பட்டவரிடம் ‘உங்கட கதவு சரியில்லை’ என்று எப்படிச் சொல்வது? முகத்தை முறிக்க ஏலாது… மனம் நோகும்… இப்படியே எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். ஒரு மனிதருடைய முகம் முறியாமல் பார்த்துக்கொண்டோம். இன்னொரு பிள்ளையின் கழுத்து முறியப் பார்த்தது.

“நானும் ஏறமாட்டன், இவளும் ஏறமாட்டாள்,” என்றேன். “வான் கராஜுக்குப் போறதெண்டால் ஏறுறம்.”

“பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுதெல்லே?” என்றார் மாஸ்டர்.

“நடந்து போங்கோ மாஸ்டர். உங்களுக்கு நடக்கிற பழக்கம் இல்லையோ?”

அவர் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டோ பிடித்துப் போனார். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். வேறு வழியில்லாமல் யோகண்ணை வானைத் திருப்ப, மைதிலியோடு நாங்கள் மூன்று பேரும் கராஜுக்குப் போனோம்.

மெக்கானிக் கதவைக் கழற்றினார். ரோலர் உருண்டையாகவே இல்லை. கடித்துத் துப்பிய பாக்கு மாதிரி இருந்தது. தண்டவாளத்துக்குள் கம்பியை விட்டுக் கிண்டினார். மணல் வந்தது. கறுத்துக் கட்டியாகிப்போன கிறீஸ் வந்தது. கடைசியில் நீலநிறத்தில் ஒரு இறப்பர்த் துண்டு… பாட்டா செருப்பு!

“அது நான் வைச்சது,” என்றார் யோகண்ணை மெல்ல. “கதவு ஆடாமல் இருக்க.”

பழுதில்லாத கதவுக்குச் செருப்புத் துண்டு எதற்காம்? நான் வாயைத் திறக்க முன்னமே மெக்கானிக் அழகான ஒரு யோசனை சொன்னார். “அக்கா, புது ரோலர் போடத் தேவையில்லை. பழசை மறுபக்கம் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்சக் காலம் சமாளிக்கலாம்.”

சமாளிக்கலாமாம்! நான் போட்ட சத்தம் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும். புது ரோலர் வந்தது. தண்டவாளத்தைச் சுரண்டித் துடைத்துப் பூட்டினார். எவ்வளவு நேரம் போனது தெரியுமா? மைதிலி ஒரு கோப்பை பிளேன்ரீயை நடுக்கம் தீரக் குடித்து முடிக்கிற நேரம். அவ்வளவே! அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

இது ஒரு வானின் கதையா? எங்கள் கந்தோரில் ஒரு அலுமாரி இருக்கிறது. காலால் உதைத்தால்தான் திறக்கும். ஒரு கதிரை இருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்துத்தான் அதில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் உடைந்த மதகு மூடி ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர் எல்லாரும் சுற்றிப் போவோம். தெரிந்தவன் தப்புவான். தெரியாதவன் விழுவான். விழுந்தவனைத் தூக்கிவிட்டு நாங்கள் கேட்கிற கேள்வி: ‘உமக்குத் தெரியாதோ?’

ஏன் தெரிய வேண்டும்? அதைச் சொல்லுங்கள் முதலில்!

அடுத்த நாள் காலை. மைதிலி ஏறினாள், சீட்டில் இருந்தாள், கதவைப் பார்த்தபடியே இருந்தாள். “இழும்,” என்றேன். ஒரு விரலால் இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்து ‘டக்’. தூக்கவும் இல்லை, சுண்டவும் இல்லை.

ஆனால் எங்கள் பழைய ஆட்கள்? டவுனில் ஒவ்வொருவராக இறங்கும்போது பார்க்க வேண்டும்! பழைய ஞாபகத்தில் தூக்கி, இழுத்து, ஒரு சுண்டு… ‘படார்!’ வானே குலுங்குகிறது. யோகண்ணை ஒவ்வொரு தரமும் பதறுகிறார்: “மெல்ல, மெல்ல!” இரண்டாம் நாள் மாஸ்டர் தன் விரலை நசுக்கிக்கொண்டு முறைப்பாடே வைத்தார் — “நல்லா இருந்த கதவைப் பழுதாக்கிப் போட்டாங்கள்.”

நான் பதில் சொல்லியிருந்தால் இன்னொரு ஓட்டோ தேவைப்பட்டிருக்கும்.

நேற்றும் அந்த வளைவு வந்தது. கதவு அசையவில்லை. மைதிலியின் கை மட்டும் என் கையைத் தேடி வந்து இறுகப் பிடித்தது. செவ்வாய்க்கிழமை அவளுடைய நகம் பதிந்த அதே இடம்.

யோகண்ணை முன்னால் தொங்குகிற கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். வேகத்தைக் குறைத்தார். பிறகு, திரும்பாமலே சொன்னார்:

“பயப்பிடாதேங்கோ பிள்ளை. கதவு இப்ப பழுதில்லை.”

‘இப்ப’வாம்! அந்த ஒரு சொல்லை அவர் வாயால் கேட்கத்தான் நான் நடுவீதியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.