அது ‘செட்டாகுற சூடு’ அல்ல

கன்னியப்பன் அவர்களுக்கு இரண்டு தவறுகள் இழைக்கப்பட்டன. வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டுச் செய்த பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்குக் காய்ச்சல் தணிந்து, பிறகு மறுபடி ஏறியது. “ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும், மாத்திரை போட்டுட்டுப் படுக்கச் சொல்லுங்க” என்று மருத்துவமனையில் போனிலேயே பேச்சை முடித்துவிட்டார்கள். இது முதல் தவறு. அவர் போன பிறகு, “ஓட்டை போட்டுச் செய்ததால்தான் செத்தார்” என்று உறவினர்கள் பேசத் தொடங்கினார்கள். இது இரண்டாவது. முதலாவது அவரைக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவது இப்போது அவர் மகள் கவிதாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கவிதாவுக்குச் சினைப்பைக் கட்டியை எடுக்க, அதே துளை ஆபரேஷன் குறித்திருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள்.

செய்தி வந்தபோது நான் வானகரத்தில் என் மகள் வீட்டில் இருந்தேன். கன்னியப்பனின் மைத்துனர் போனில், “அண்ணாத்தே, மாமா பூட்டாரு” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் கம்பெனியில் நாங்கள் இருவரும் பராமரிப்பு ஃபிட்டர்கள். நான் அவருக்கு மூத்தவன். எங்கள் இருவரின் பெற்றோரும் பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். புது பேரிங் மாட்டி மெஷினை ஓட்டினால் முதலில் சூடேறும், ஓட ஓடத் தானே தணியும். அதற்கு எங்கள் பட்டறைப் பேச்சில் ‘செட்டாகுற சூடு’ என்று பெயர். அதற்குப் பயந்து யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள்.

ஒருமுறை அப்படித் தணிந்த சூடு மறுபடி ஏறியது. கன்னியப்பன் மெஷினை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

“யாரைக் கேட்டு நிறுத்துன?”

“பேரிங்கத்தான் கேட்டேன் சார். வோணான்னுச்சு.”

கழற்றிப் பார்த்தால் பேரிங்குக்குள் உருளும் இரும்புக் குண்டுகளில் ஒன்று சிதைந்திருந்தது. சூப்பர்வைசர் டீ வாங்கி அனுப்பினார். “சக்கரை கம்மியா கீது” என்று அதையும் குறை சொல்லிவிட்டுத்தான் குடித்தார் கன்னியப்பன்.

பல வருடங்கள் கழித்து எனக்குப் பித்தப்பையில் கல். விட்டு வைத்ததில் உள்ளே எல்லாம் ஒட்டிப்போய், வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். காய்ச்சல், வீக்கம், புரண்டு படுக்க முடியாத வலி. பார்க்க வந்த கன்னியப்பன் என் வயிற்றில் போட்டிருந்த கட்டை எட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, ஷட்டரே வெச்சி உட்டானுங்களா?”

“யோவ், சிரிக்க வெக்காதே. தையல் பிரியப் போவுது.”

நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “செட்டாகுற சூடுதான், பயப்படாத” என்றார். அப்படியேதான் நடந்தது. நாளுக்கு நாள் தணிந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உடம்பைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததும், மருத்துவர்களை விடாமல் கேட்டதும்தான். கத்தி பட்ட இடத்துக்கு உடம்பு தன் காவல்படையை அனுப்புகிறது. அதனால் அங்கே சூடும் சிவப்பும் வீக்கமும் வலியும் வருகின்றன. அழற்சி என்பது இதுதான். காயம் ஆற அது வேண்டும். வயிற்றைத் திறந்து செய்யும்போது தசையை அறுக்கிறார்கள், குடலை விலக்கிப் பிடிக்கிறார்கள், காயம் பெரிது. அதனால் அழற்சியும் பெரிது. ரத்தப் பரிசோதனையிலேயே அது தெரியும். துளை போட்டுச் செய்யும்போது அறுபடும் சதை குறைவு, அழற்சியும் குறைவு, மனிதர் சீக்கிரம் எழுந்துவிடுகிறார். அது நல்ல முறை. நல்ல முறை என்பதாலேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சின்னக் காயத்துக்குச் சின்னச் சூடுதான் வர வேண்டும். நாள் போகப் போக அது ஏறினால், அதற்குக் காரணம் தோலில் போட்ட துளை அல்ல. உள்ளே வேறு ஏதோ நடக்கிறது.

கன்னியப்பனுக்குத் துளை போட்டு எடுத்து மறுநாளே வெள்ளானூர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். சட்டையைத் தூக்கி நான்கு பிளாஸ்திரிகளைக் காட்டினார்.

“ஒனக்கு ஷட்டரு, எனக்கு சாவி ஓட்டை. எவன் பணக்காரன் பாரு!”

நன்றாகத்தான் இருந்தார். நான் வானகரம் போன பிறகுதான் மறுபடி காய்ச்சல். அவருடைய மனைவி மல்லிகா மருத்துவமனைக்குப் போன் செய்தார். போனில் என்ன சொன்னார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன். கன்னியப்பனும் அதையே சொல்லி அவரை அடக்கினார். “செட்டாகுற சூடு, மல்லி. அண்ணாத்தைக்கு இத்தவிட ஜாஸ்தியா இருந்துச்சு.” கிழித்த என் வயிற்றின் சூட்டை வைத்துத் தன் துளைகளின் சூட்டை அளந்தார். எங்கள் பட்டறைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் அளந்திருப்பார்கள்.

வயிறு உப்பி, சாப்பாடு இறங்காமல் போன பிறகுதான் கன்னியப்பன் எனக்குப் போன் செய்தார்.

“சூடு எறங்கிகினு கீதா, ஏறிகினு கீதா?” என்று கேட்டேன்.

“எறங்கிச்சு. இப்ப ஏறிச்சு.”

“யோவ், பேரிங்கா இருந்தா இன்னா பண்ணுவே?”

“நிறுத்திருவேன்” என்றார்.

அன்றே வேறொரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே பித்தநீர் கசிந்து, கிருமி பிடித்து, ரத்தத்தில் கலந்திருந்தது. காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

சாவு வீட்டில் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரிப்பா, எனுக்கு கிழிச்சே பண்ணச் சொல்லு. இல்லன்னா ஆபரேஷனே வோணாம்.” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் அங்கேயே விளக்கம் சொல்லத் தொடங்க, “இந்தக் கெயவன் எழவு ஊட்லயும் பாடம் நடத்துது பாரேன்” என்றார் ஒருவர். நடத்தினேன். இன்னும் நடத்துவேன்.

முதலில் ஆபரேஷன் செய்த அந்த மருத்துவமனை, துளை ஆபரேஷன் ஆனவருக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்று யார் அழைத்தாலும் நேரில் வரச் சொல்ல வேண்டும்; வந்தவரைத் தொட்டுப் பார்த்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மல்லிகாவிடம் அன்று போனில் பேசியவர் ஒருமுறை அந்த வீட்டுக்கு வந்து அவரெதிரே உட்கார வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர், எது போகும் வலி, எது வரக்கூடாத வலி என்று நோயாளியின் வாயால் திருப்பிச் சொல்ல வைத்த பிறகே அனுப்ப வேண்டும். நம் பட்டறை நண்பர்கள், உடம்பு விஷயத்தில் ‘செட்டாகுற சூடு’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். உறவினர்கள் வாயை மூட வேண்டும். ஆபரேஷன் முடிந்து கவிதா வீட்டுக்கு வரும் நாட்களில் நான் அங்கேயே இருக்க வேண்டும், இருப்பேன்.

கன்னியப்பன் அவர்களே, இனி உங்களுக்கு வலி இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். மிச்சச் சண்டையை நான் போடுகிறேன்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கவிதாவின் ஆபரேஷனுக்காக மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் மல்லிகா ஒரு புது நைட்டியை மடித்து வைத்தார். கவிதா அதை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். மல்லிகா மறுபடி மடித்து உள்ளே வைத்தார். கவிதா இந்த முறை அதை உள்ளேயே விட வேண்டும்.