இடது ஓரத்தில் விழுங்கப்பட்ட சொல்

கணக்கு என்ற ஒன்றை மனிதர்கள் கண்டுபிடித்த நாள் முதல் இன்றுவரை பிறந்த மூளைகள் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் கொட்டி, மறுதட்டில் ஜெராக்ஸ் கடை அக்காவை உட்கார வைத்தால், அக்காவின் தட்டு டமாரென்று தரையில் இறங்கும். மற்ற மூளைகள் எகிறிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும். அக்கா ஐம்பத்தெட்டு கிலோ என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சொல்வது அவளுடைய தங்கச்சி. இந்தக் கதையில் அவளும் தங்கச்சியாகவே வந்து போவாள்.

கடை கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிறது, பெரியப்பாவுடையது. ஆறடிக்கு ஒன்பதடி. அதில் பாதியை மெஷின் பிடித்துக்கொண்டது. மிச்சத்தில் தாள் கட்டுகள், ஒரு ஸ்டூல், அக்கா. வெளியே வரவேண்டுமானால் முன்பலகையைத் தூக்க வேண்டும். பலகைமேல் எப்போதும் யாருடைய முழங்கையாவது ஊன்றியிருக்கும். மின்விசிறி இருந்தது. மெஷின் விடும் சூட்டை அது நாலு மூலைக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. அப்பா போன பிறகு அம்மாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் பெரியப்பா வீடுதான் வீடு. ஆகவே "நாளைக்குக் கடைக்கு வரல" என்ற வாக்கியம் அக்காவின் தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லையை நெருங்கிட்டே போகுதுன்னா, எவ்வளவு நெருக்கமா சார்?"

"ரொம்ப நெருக்கமா."

"ரொம்பன்னா?"

"பரீட்சைக்கு வராதும்மா. உட்காரு."

வகுப்பு சிரித்தது. அக்கா உட்கார்ந்தாள். கேள்வி மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

பதில் கழிவுப் பெட்டியில் கிடைத்தது. கல்லூரியில் கணக்கு நடத்தும் தாடிக்காரர் தலையணை மாதிரி புத்தகங்களைக் கொண்டுவந்து நகல் எடுப்பார். நன்றாக விழுந்த தாள் அவருக்கு. கோணலானதும் மை மங்கினதும் ஓரம் போனதும் பெட்டிக்கு. அங்கிருந்து அக்காவின் மடிக்கு. 'எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று நீ சொல், அதைவிட நெருக்கமாக நான் வந்து காட்டுகிறேன்' என்பதுதான் பதில் என்று படித்த அன்று, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு இரண்டு பேர் நிற்க, அவள் மெஷினைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். இப்படியே மூன்று வருடம். பாதித் தாள்களை வைத்து முழுப் பாடம் படித்தாள்.

அப்புறம் நூற்று முப்பத்தேழாம் பக்கம் வந்தது. வந்தது, நகரவில்லை. நாலு மாதம்.

அந்தத் தாளில் இடது ஓரம் போயிருந்தது. தடிப் புத்தகத்தைக் கண்ணாடியில் சரியாக அழுத்தாவிட்டால் முதுகுப் பக்கத்துச் சொற்களை நிழல் விழுங்கிவிடும். மற்ற வரிகளில் போன சொல்லை அக்கா பென்சிலால் நிரப்பிவிட்டாள். ஒரு வரி மட்டும் தலை போயும் முழுசாகத் தெரிந்தது: 'இடைவெளிகள் ஒன்றனுள் ஒன்றாக அடங்கிக்கொண்டே போனால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் எண்ணாவது இருக்கும்.' பொருள் வருகிற வரியை யார் சந்தேகப்படுவார்கள்?

இதற்குள் ஒரு விண்ணப்பமும் வந்து சேர்ந்தது. ஒரு கணிதக் கழகம், பட்டம் இல்லாதவர்களையும் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்ளும். தங்க இடமும் தரும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கச்சி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள்.

"ஃபார்ம் போட்டாச்சா?"

"இல்ல."

"ஏன், மை தீந்துபோச்சா? மெஷினைக் கேளு, ஒரு வண்டி வச்சிருக்கு."

"நூத்தி முப்பத்தேழு, அந்த ஒரு பக்கம் புரியலடி."

"ஒரு பக்கம்தானே? எனக்குப் புஸ்தகம் பூராவும் புரியல. நான் குண்டுக்கல்லு மாதிரி இல்லையா?"

அக்கா டப்பா மூடியைத் திருப்பி அதில் விரலால் கோடு போட்டாள். "சுழியத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல. அடுத்தது சுழியத்துக்கும் அரைக்கும் நடுவுல. அப்புறம் மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு. ஓரத்துல இருக்கறது சேர்த்தி இல்ல, நடுவுல இருக்கறது மட்டும். எந்த எண்ணை உள்ள வச்சாலும் ஒருநாள் வெளிய விழுந்துடுதுடி. ஒண்ணுமே தங்கல. புஸ்தகம் தங்கும்ங்குது."

"அப்போ புஸ்தகம் பொய் சொல்லுது."

"புஸ்தகமா பொய் சொல்லும்? எனக்குத்தான் ஏறல. அடிப்படையே ஏறாதவ அங்க போய் நின்னு அசிங்கப்படணுமா? இங்கயே நின்னுக்கறேன், விடு."

அழுதிருந்தால் தங்கச்சி கிண்டல் செய்திருப்பாள். அக்கா மூடியைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"உள்ள என்னடி மாநாடு? ஆள் நிக்குது பாரு!" என்றார் வாசலிலிருந்து பெரியப்பா.

அதே புத்தகம் அதற்குள் நாலு தடவை கடைக்கு வந்து போயிருந்தது. நூற்று முப்பத்தேழைப் புரட்ட அக்காவுக்குத் தோன்றவே இல்லை. மனப்பாடமான பக்கத்தை யார் புரட்டுவார்கள்? தவிர, வாடிக்கையாளர் சொன்ன பக்கத்தைத் தவிர வேறு பக்கம் திறந்தால் அன்றோடு வேலை இல்லை என்பது பெரியப்பாவின் சட்டம். புதன்கிழமை தாடிக்காரர் அந்தப் புத்தகத்தை மறுபடி கொடுத்துவிட்டுப் போனார். தாள் கட்டு வாங்கிவர பெரியப்பா அக்காவை அனுப்பினார். அந்த அரை மணி நேரம் தங்கச்சி கடையைப் பார்த்துக்கொண்டாள். சமத்தாக.

வியாழக்கிழமை காலை கழிவுப் பெட்டியில் மேலாகவே ஒரு நூற்று முப்பத்தேழு கிடந்தது. எப்படி வந்தது என்று இதை எழுதுகிறவளுக்கு ஒன்றுமே தெரியாது.

இந்தத் தாளில் அந்த வரிக்குத் தலை இருந்தது. 'மூடிய' இடைவெளிகள்.

அக்கா நின்றபடியே படித்தாள். "ஓரமும் சேர்த்தி," என்றாள். "அப்போ சுழியம் தங்கிடும். எல்லாத்துலயும் தங்கிடும்." மெஷின் யாருக்கோ முப்பது நகல் எடுத்து முடித்துச் சும்மா நின்றது. "நான் போட்டது சரிதான். மூடலேன்னா தங்காது. சரியாப் போட்டுட்டு நாலு மாசம் என்னையே திட்டிட்டிருந்தேனே!"

விண்ணப்பத்தை மெஷின் மூடிமேல் வைத்து ஒரே மூச்சில் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். டப்பாவோடு வந்த தங்கச்சியை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாடிக்காரர் புஸ்தகத்தை யாரு தொட்டது?"

"எனக்கென்ன தெரியும்? காத்துல புரண்டிருக்கும்."

"காத்து மெஷினையும் தட்டிச்சா? இவ்வளவு கெட்டியா அழுத்தினா ஓரத்துல விரலும் நகலாகும்னு காத்துக்குத் தெரியல பாரு." தாளின் கீழ் மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு கட்டைவிரல், கறுப்பு வெள்ளையில், ரேகை சுத்தமாக. நகம் சதைவரை கடிக்கப்பட்டிருந்தது. "பெரியப்பாகிட்ட சொல்லட்டுமா? இல்ல, பரீட்சை அன்னிக்கு நாள் பூரா இந்தப் பலகைக்குப் பின்னால நீ நிக்கிறியா?"

"அது என் விரலே இல்ல."

"காட்டு."

தங்கச்சி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நிரூபணத்துக்கு அதுவே போதும் என்று சொல்லிவிட்டாள் அக்கா.