அக்காவின் உள்ளங்கையில் ஒரு வாகன இலக்கம்

அக்காவின் உடலைக் குளிப்பாட்டத் தொடங்கிய பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். அவவின் இடது உள்ளங்கையில் நீலப் பேனையால் ஒரு வாகன இலக்கம் எழுதியிருந்தது. தேய்த்துக் கழுவுவதா, அப்படியே விடுவதா என்று கேட்டார்கள். பந்தலுக்குள் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். "கடைசி வரைக்கும் நம்பர் நம்பர் எண்டே போயிட்டா மனுசி" என்றார் ஒருவர். அந்த ஆளுக்கு ஒரு அறை கொடுத்திருப்பேன். கொடுக்காததற்குக் காரணம், அதே கதையை ஒரு காலத்தில் நானும் கதைத்தவன்.

மல்லாவியில் அக்காவைத் தெரிந்த எல்லாருக்கும் அந்தப் பழக்கமும் தெரியும். வீட்டிலிருந்து யார் எந்த வாகனத்தில் ஏறினாலும் அவ வாசலில் நின்று கை காட்டமாட்டா. நேரே வாகனத்தின் பின்பக்கம் போவா. இலக்கத்தை வாய்விட்டு வாசித்து, சட்டைக்குள் செருகியிருக்கும் பேனையை எடுத்து உள்ளங்கையில் எழுதுவா. பஸ்ஸோ, ஓட்டோவோ, வயலுக்குப் போகிற உழவு இயந்திரமோ, எல்லாம் அவவுக்கு ஒன்றுதான். போன ஆள் திரும்பி வந்தபிறகுதான் கையைக் கழுவுவா. அதுவரைக்கும் இடது கையில் தண்ணீர் படாமல் சமைப்பா, கோலம் போடுவா, கோழிக்குத் தீன் போடுவா. பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். ஓட்டோக்காரர்கள் அவவைக் கண்டதும், "அக்கா, எங்கட நம்பர் பாடமாயிருக்குமே, இன்னும் எழுதோணுமே?" என்று கேட்பார்கள். "உன்ர மூஞ்சையும் பாடம்தான் தம்பி. மூஞ்சையைச் சொன்னா கந்தோரில பதியமாட்டாங்கள்" என்பா.

அவவின் புருசனை, என் அத்தானை, ஏற்றிக்கொண்டு போன வானுக்கு அவ இலக்கம் பார்க்கவில்லை. கதை அவ்வளவுதான். அத்தான் மேசன் வேலை செய்தவர். நெடுங்கேணிச் சந்தைக்கு முன்னால் ஒரு வான் வந்து நின்றது. வேலை இருக்கிறது, ஏறுங்கள் என்றார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா தெருவின் மற்றப் பக்கத்தில் நின்றா. ஆள் கடத்துகிற வெள்ளை வானோ என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இல்லை, நீலம். பின்கதவில் ஒரு நெளிவு, கண்ணாடியில் காய்ந்துபோன மாலை, சாரதிக்கு இடது பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல். இவ்வளவும் அவ சொல்லுவா. மேசன் வேலைக்குப் போகிற மனுசன் ஏறுகிற வானுக்கு எவள் இலக்கம் பார்ப்பாள்? பின்னேரம் வருவார் என்று வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனா.

அதற்குப் பிறகு அவவோடு நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரு மேசை, ஒரு படிவம், படிவத்தில் ஒரு கட்டம். வாகன இலக்கம் என்ன? தெரியாது என்றவுடன் எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடிவைத்துவிடுவார். ஏதோ அவ பொய் சொல்ல வந்தவள் மாதிரி. ஒருமுறை எனக்கு விசர் வந்து, "ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லு அக்கா, எழுதித் துலைக்கட்டும்" என்றேன். அவ என்னை ஏறிட்டுப் பார்த்தா. "ஆற்றையோ வாகனத்தை நான் ஏன் காட்டிக்கொடுக்கோணும்? அவனுக்கும் பெண்சாதி பிள்ளை இருக்குமெல்லே" என்றா.

இடுப்பில் இருந்த அந்த மகள் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிரான்சுக்குப் போனாள். அவளுடைய புருசன் அங்கே அகதியாகப் பதிந்தவன், இங்கே வரமுடியாதவன். அதனால் எல்லாரும் மலேசியாவில் சந்திப்போம், ஒரு வான் வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் சுற்றுவோம் என்று முடிவெடுத்தார்கள். அக்கா பேரப்பிள்ளைகளை அதற்கு முன்பு போனில் மட்டும் பார்த்தவ. நானும் மனைவியும் அவவைக் கூட்டிக்கொண்டு போனோம். விமான நிலையத்தில் பேரப்பிள்ளைகளில் சின்னவள் அக்காவின் சீலையைப் பிடித்தவள் விடவில்லை.

வாடகை வாகனம் கொடுக்கிறவன் எவனையும் நான் நம்புவதில்லை. நான் உழவு இயந்திரம் திருத்துகிறவன். வாடகைக்கு விட்டு வாங்குகிறபோது இரண்டு பக்கமும் சொல்லுகிற பொய்களை நாள் முழுக்கக் கேட்கிறவன். அந்த வானின் ஒவ்வொரு கீறலையும் போனில் படம் பிடித்தேன். ஸ்பெயர் ரயரை அமத்திப் பார்த்தேன். ஒயில் ஒழுகுகிறதா என்று நிலத்தில் குனிந்து அடியில் பார்த்தேன். "மாமா, எழும்புங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று அக்காவின் மகள் பல்லைக் கடித்தாள். நான் எழும்பிக் கையைத் தட்டும்போது அக்கா வானின் பின்னால் நின்றா. ஒரு கையில் வாடகைக் கடதாசி, மற்றக் கையில் பேனை.

"தம்பி, துண்டில கிடக்கிற நம்பர் வேற. இதில கிடக்கிறது வேற" என்றா.

கந்தோரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். அந்த ஊர்த் தமிழ். "பதிவு பண்ண வண்டி இன்னும் திரும்பி வரலம்மா. அதே மாடல்தான், இது புதுசு. நம்பர் மட்டும்தான் வேற."

"நம்பர் மட்டும்தானோ?" என்றா அக்கா.

பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. பிள்ளைகள் உள்ளே சீற்றுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கதவைத் திறந்து இரண்டு பேரையும் கையில் பிடித்து இறக்கினா. மருமகன், "மாமி, இஞ்ச அப்பிடி ஒண்டும் நடக்காது" என்றான். "அங்கையும் நடக்காதெண்டுதான் நானும் நினைச்சனான்" என்று அவனுக்குப் பதில் வந்தது. "இந்த வாகனத்தில என்ர பேரப்பிள்ளையள் ஏறினதெண்டு நாளைக்கு ஆர் சொல்லுறது? துண்டில வேற வாகனமெல்லோ கிடக்கு. நீங்கள் போங்கோ. நானும் பிள்ளையளும் இதில ஏறமாட்டம்."

மகள் அழத் தொடங்கினாள். தாயை ஒரு பத்து நாள் சந்தோசமாக வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு வருசமாக லீவு சேர்த்தவள் அவள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வெயில், களைப்பு, சுற்றி நின்று பார்க்கிற சனம். அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன். "நம்பர் பாத்து வச்சிருந்தா மட்டும் அத்தான் திரும்பி வந்திருப்பாரோ?"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லி முடித்த கையோடு அந்த நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அக்கா கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னா.

"வந்திருக்கமாட்டார். கேட்ட நேரம் சொல்லியிருப்பன். எனக்கு முன்னால பேனையை மூடி வச்சிருக்கமாட்டாங்கள்."

அந்தக் கந்தோர்ப் பெண்ணுக்கு எங்கள் கதை எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கடதாசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேறொரு கடதாசி அடித்து, முத்திரை குத்தி, மருமகனிடம் கொடுக்காமல் அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தா. பிறகு உள்ளங்கையில் எழுதினா. பிறகு ஏறினா.

பத்து நாளும் ஒரு பொலிஸ்காரனும் எங்களை மறிக்கவில்லை. அந்தக் கடதாசி ஓரிடத்திலும் தேவைப்படவில்லை. வானைத் திருப்பிக் கொடுத்தபோது அதை வாங்கினவன் இலக்கத்தைப் பார்க்கவுமில்லை, என் கீறல் படங்களைக் கேட்கவுமில்லை. அக்கா தேயிலை மலையில் குளிருக்குப் பேரப்பிள்ளைகளின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிரித்தா. கடலில் கால் நனைத்தா. ஒவ்வொரு காலையும் குளித்துவிட்டு வந்து, அழிந்த இலக்கத்தின் மேல் திரும்ப எழுதினா. கடைசி நாள் எங்கள் ஆறு பேரையும் ஒருமுறை கண்ணால் எண்ணிவிட்டு, விமான நிலையத்துக் குழாயடியில் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினா. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அது என் பிழை.

போன மாதம் அவவுக்கு மூச்சு முட்டியது. மல்லாவி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கிளிநொச்சிக்கு அனுப்பச் சொன்னார்கள். அம்புலன்சில் ஏற்றிக் கதவு சாத்தப் போகையில் அக்கா இடது கையை என் பக்கம் விரித்தா. வலது கையில் சேலைன் ஊசி. முகத்தில் ஒட்சிசன் மூடி, கதைக்க ஏலாது. எனக்கு உடனே விளங்கியது. தாதியிடம் பேனையை வாங்கிக்கொண்டு இறங்கி ஓடிப் பின்பக்கம் பார்த்தேன். திரும்ப ஏறி அவவின் கையைப் பிடித்து எழுதினேன். எழுத்துக் கோணல்மாணலாக வந்தது. அவ கையை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தா. பிறகு பொத்திக்கொண்டா. அடுத்த நாள் மத்தியானம் போய்விட்டா.

பெண்கள் அனுப்பிய ஆள் பதிலுக்காக என் முன்னால் நின்றபோது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அக்காவின் மகள். தாயை அம்புலன்சில் ஏற்றியதென்று கேட்ட அன்றே விமானம் ஏறியவள், கொழும்பில் இறங்கிவிட்டாள். ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தாள். அவள் வாடகைக்கு எடுத்த காரின் பின்பக்கம், இலக்கத் தகடு தெளிவாகத் தெரிய.

"தேய்க்க வேண்டாம் எண்டு சொல்லு" என்றேன். "போன ஆள் திரும்பி வரேல்லை."

பிறகு பந்தலுக்குள் போய்ச் சிரித்த அந்த ஆளிடமே பேனை கேட்டு வாங்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் உள்ளங்கையில் மகளின் கார் இலக்கத்தை எழுதினேன். பின்னேரம் மாங்குளம் தாண்டிவிட்டோம் என்று அழைப்பு வந்தது. கார் படலையடியில் வந்து நின்றது. அவள் இறங்கித் தாயிடம் ஓடினாள். நான் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினேன்.