பழவங்காடியில் வாங்கிய கொன்றை

விஷுவுக்கு முந்தைய நாள். ஆரியசாலைக் கடையில் துணிகளைக் கொடுத்துவிட்டுப் பழவங்காடிக்கு நடந்து வருகிறேன். நேற்றைய மழையில் உதிர்ந்த கொன்றைப் பூக்கள் சாலையோரச் சேற்றில் கிடக்கின்றன.

நாகர்கோவிலில் எங்களுக்குத் துணியில் கையால் அச்சிடும் சின்னப் பட்டறை. அச்சுக்கட்டை செதுக்குவது நான். சாயம் கலந்தவர் என் கணவர். ஒவ்வொரு பங்குனியிலும் மஞ்சள் நிறத்துக்கு மாதிரியாக இங்கே பழவங்காடியில்தான் கொன்றை வாங்குவோம்.

கோயிலருகே பூ விற்கும் பாறசாலைக்காரி லதா என்னைப் பார்த்ததும் சிரிக்கிறாள்.

“அண்ணன் வரல்லியாக்கா?”

“போன ஐப்பசியில தவறிட்டாரு லதா.”

கையிலிருந்த பூவைக் கீழே வைக்கிறாள். “அய்யோ, நான் அறிஞ்சில்லியே அக்கா.”

 அவள் கூடையிலிருந்து நன்றாக மலர்ந்த கொன்றைக் கொத்து ஒன்றை எடுக்கிறேன். அவர் போன பிறகு நான் கலக்கும் மஞ்சள் எதுவும் சரியாக வருவதில்லை, கண்ணைக் குத்துகிறது என்று அவளிடம் சொல்கிறேன்.

“அதில்லக்கா. புதுப்பூவை உங்க கையில தந்துட்டு, அண்ணன் வாடினதைத்தான் பைக்குள்ள வைப்பாரு. நீங்க கண்டிட்டில்லியா?”

நான் பார்த்ததே இல்லை.

கூடையின் ஓரத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த வாடிய கொத்தை எடுத்து நீட்டுகிறாள். அந்த நிறம் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமும் எங்கள் துணிகளில் இருந்த மஞ்சள் அதுதான்.

புதுப்பூவைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு, வாடியதை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறேன்.